மீட்டருக்கு வைத்த பொட்டு

சிலிபின், ஈப்போ
14 ஜூலை 2025

அன்புள்ள ரஜிதா தங்கச்சிக்கு,

தர்மேந்திரன் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துப் பாலிமர் ஆய்வுக்கூட உதவியாளர். நீங்கள் வைத்த பெயரில் சொன்னால் ‘சாவி அண்ணன்’. என் கைப்பேசி எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பது தெரியும். ஒரு வருடமாக ஒற்றை டிக்கோடு நிற்கிற செய்திகளை நான் எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டு விமலாதான் சொன்னாள்: “தாள்ல எழுதுங்க. தாளை பிளாக் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும்.” கிழிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள்.

முகவரி உங்கள் அப்பா கொடுத்தது. போன வாரம் கோயிலில் பார்த்தேன். “என்ர மகளுக்கு அநியாயம் நடந்திட்டுது தம்பி. அங்க இருந்தவையில நீங்கள் ஒருத்தர்தான் அவளை விசாரிக்கிறியள்” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே தரை பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். நீங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்ததெல்லாம் இப்போது வருகிறது. ஜன்னலே இல்லாத மஞ்சள் அறை, சூடாகாத எல்இடி விளக்குகள், பிசின் இறுகும்போதே அதை அளந்து திரையில் காட்டும் கருவி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழைய சாமான்களைக் கழித்துக்கட்டும் வேலை என் தலையில். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு போராங் நிரப்ப வேண்டும். அதில் ‘கழிப்பதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அடுப்புக்கு ‘துரு’ என்று எழுதினேன். கலக்கும் இயந்திரத்துக்கு ‘மோட்டார் பழுது’ என்று எழுதினேன். ஒளியை அளக்கிற மீட்டரின் போராங்கை எடுத்ததும் பேனா நகரவில்லை.

நீங்கள் சோதனை செய்த மாதங்களில் அந்த மீட்டர் சரியாக இல்லை, தங்கச்சி. அதன் முகத்தில் எப்படியோ ஒரு கறை பட்டிருந்தது. அதனால்தான் உங்கள் எண்கள் பிசகின என்று நினைக்கிறேன். நீங்கள் பொய்க்கணக்கு எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தர்மேந்திரன்


பாரிட் புந்தார்
22 ஜூலை 2025

திரு. தர்மேந்திரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் இங்கே ஒரு டியூஷன் நிலையத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். விடைத்தாளில் ‘எப்படியோ’ என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதில்லை. உங்களுக்கும் போட மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிசின் நீல ஒளி பட்டால் இறுகும். எவ்வளவு ஒளி பட்டதோ அவ்வளவு கடினமாகும். மீட்டரை விளக்கின் கீழ் வைத்து, அது ‘போதும்’ என்று காட்ட எத்தனை வினாடி ஆகிறதோ, அத்தனை வினாடி பிசினுக்கு ஒளி கொடுப்பேன். அறுபது மாதிரிகளை அப்படித்தான் செய்தேன். கடினம் 82 என்று வந்தது, 82 என்று எழுதினேன். இன்னொரு ஆய்வுக்கூடம் அதையே செய்து பார்த்துவிட்டு, தங்களுக்கு 70-தான் வருகிறது என்று எழுதிப் போட்டது. விசாரணைக் குழு என்னை அதே அறையில், அதே மீட்டரை வைத்து, தங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொன்னது. 2024 மே பத்தாம் தேதி. விளக்கைப் போட்டவர் நீங்கள். எனக்கும் 70-தான் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். என் முனைவர் பட்டம் அந்த நாற்காலிச் சத்தத்தோடு முடிந்தது.

ஆகவே மூன்று கேள்விகள். ஒன்று, என்ன கறை? இரண்டு, எப்போது, யார் கையால் பட்டது? மூன்று, மே பத்தாம் தேதி அந்தக் கறை எங்கே போயிருந்தது?

ரஜிதா ஸ்கந்தராஜா


சிலிபின்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்கும் போய் வருகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் விமலாவுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டியது ஞாபகம் வந்துவிடுகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு கடைக்குப் போகிறது.

கறை, மஞ்சள். சந்தனத் தூளோடு மஞ்சள் தூளைச் சேர்த்துக் குழைத்தது. பட்ட நாள், 2023 சரஸ்வதி பூஜை. வைத்தது நான்.

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். ஆயுத பூஜையன்று உருளை இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள். தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டது, எனக்குப் பழக்கம் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பூஜை சாமான் எதுவும் கூடாது என்று வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில் நானும் கையெழுத்துப் போட்டவன்தான். சூடம் இல்லை, ஊதுபத்தி இல்லை, ஒரு பொட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அடுப்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. மீட்டர் மல்லாந்து கிடந்தது. வெள்ளையாக, வட்டமாக, காசு அளவில் ஒரு வில்லை தெரிந்தது. நெற்றி மாதிரி இருந்தது. அது மூடி என்றே நினைத்தேன், தங்கச்சி. அதுதான் ஒளியை வாங்கும் கண் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். வில்லை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆனால் அந்த அறையில் எல்லா விளக்குக்கும் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறதே, வெள்ளை வெளிச்சம் பட்டால் பிசின் குப்பியிலேயே இறுகிவிடும் என்று. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் கறை எப்படித் தெரியும்? மஞ்சள் நீல ஒளியை விழுங்கும் என்பதெல்லாம் பிறகு நானே தேடிப் படித்தது. உண்மையில் வந்ததில் பாதியைத்தான் மீட்டர் கண்டது, பிசினுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஒளி கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

நானாகத்தான் வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தீபாவளிக்கு ஈப்போ வருவீர்களா?

இப்படிக்கு,
தர்மேந்திரன்


பாரிட் புந்தார்
9 ஆகஸ்ட் 2025

மூன்றாவது கேள்வி.

ரஜிதா


சிலிபின்
17 ஆகஸ்ட் 2025

தங்கச்சி,

சொல்கிறேன்.

2024 ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி மீட்டருக்கு பேட்டரி மாற்ற அதை வெளியே அலுவலகத்துக்கு எடுத்து வந்தேன். ஜன்னல் பக்கத்து மேசை. வெயில் பட்டதும் வில்லையில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. விளக்கின் ஒளி பட்டுப் பட்டு முக்கால்வாசி வெளுத்திருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. என் விரல் அளவு எனக்குத் தெரியாதா?

உங்கள் மேல் புகார் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் அந்த மீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போயிருக்க வேண்டும். முப்பது அடி தூரம். நான் பஞ்சில் ஆல்கஹால் நனைத்து, வட்டம் இருந்த இடம் தெரியாமல் துடைத்தேன்.

ஆக, மே பத்தாம் தேதி நீங்கள் செய்து காட்டியபோது மீட்டர் சுத்தமாக இருந்தது. சுத்தமாக்கியவன் பக்கத்தில் நின்று விளக்கைப் போட்டான். குழுவில் ஒருவர் என்னிடம் கேட்டார், மீட்டரில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று. “தாக் அடா, துவான்” என்றேன். எதுவும் இல்லை ஐயா என்று. நீங்கள் அப்போது என்னைப் பார்த்தீர்கள். சாவி அண்ணன் நமக்காக ஏதாவது சொல்வார் என்ற பார்வை. நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பதினோரு வருட ஒப்பந்த வேலை, அந்த ஜூனில் நிரந்தரமாக வேண்டியது. அது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் என்றால் அதுவும் பொய். அந்த மாடியில் நான் ஒருவன்தான் தமிழன், மாணவர்களில் நீங்கள் ஒருவர். இத்தனை விலை உயர்ந்த கருவிக்கு இவர்கள் மஞ்சள் பூசி வைத்தார்கள் என்று ஒரு அறை முழுக்கச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அவர்கள் அப்படிச் சிரிப்பவர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. என் மானத்தைக் காப்பாற்ற உங்கள் படிப்பைக் கொடுத்துவிட்டேன்.

வேலை நிரந்தரமானது. அன்றைக்கு விமலா பாயாசம் வைத்தாள். அவளிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

துறைத் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தர்மேந்திரன்


பாரிட் புந்தார்
6 செப்டம்பர் 2025

தர்மேந்திரன் அண்ணனுக்கு,

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க உங்களைத் திட்டினேன். பாட நேரத்தில்கூட மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதில் பாதியாவது உங்களுக்கு வந்து சேரட்டும். நீங்கள் துடைத்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, பயத்தில் கை செய்துவிடும். துடைத்த பிறகும் மூன்று வாரம் தினமும் என்னிடம் “சாப்டாச்சா மிஸ்?” என்று கேட்டீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் வேறொன்று ஞாபகம் வந்தது. நீங்கள் ‘நானாகத்தான் வைத்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். பொய் சொல்லும் பழக்கம் உங்களை இன்னும் விடவில்லை. அன்றைக்கு நான் அந்த அறையில்தான் இருந்தேன். நீங்கள் கதவு வரைக்கும் போய்விட்டீர்கள். நான்தான் கூப்பிட்டேன். “அண்ணே, மீட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு லா? அதுக்கும் ஒண்ணு வைங்க” என்றேன். நீங்கள் திரும்பி வந்து வைத்தீர்கள். எனக்கு அது கண் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன், நீங்கள் எங்கே வைக்கிறீர்கள் என்று தலை திருப்பிப் பார்க்கவில்லை. நீங்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தபோது கோபம் இன்னும் அதிகமானது.

மூன்றாவது வாரத்தில் வந்ததை எழுதத்தான் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அறுபது மாதிரிகளில் ஐம்பத்தாறு நான் அளந்தபடியே எழுதியவை. கடைசி நான்கு அப்படி இல்லை. மார்ச் மாதம் கடினம் இறங்க ஆரம்பித்தது. ஒன்றிரண்டு குறைந்தால் கைத்தவறு என்று விடலாம், இது அப்படி இல்லை. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஆறு நாள்தான் இருந்தது. மாதிரியில் குமிழி இருந்திருக்கும், நான் சரியாக ஊற்றியிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய எண்களை அடித்துவிட்டு 81, 82, 80, 82 என்று எழுதினேன். குழு முன்னால் நான் வாய் திறக்காமல் நின்றது அதிர்ச்சியில் இல்லை. அறுபதும் பொய் என்று அவர்கள் சொன்னபோது, நான்கு பொய் என்பது எனக்குத் தெரியும். மீதி ஐம்பத்தாறுக்காக எந்த முகத்தோடு வாதாடுவேன்?

அப்பாவிடம் சொல்லவில்லை. கல்யாண வீடு, செத்த வீடு எல்லா இடத்திலும் ‘என்ர பிள்ளைக்கு அநியாயம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் தலை குனிந்து நிற்பேன். அடக்கமான பிள்ளை என்பார்கள். உங்கள் கையை அவர் பிடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் தலையை அவர் தடவுகிறார்.

அதனால் அனுப்பாதீர்கள், அண்ணே. நீங்கள் உங்கள் பங்கைச் சொன்னால் நான் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த மீட்டர் குப்பைக்குப் போகட்டும்.

ரஜிதா


சிலிபின்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் திட்டியது வந்து சேர்ந்தது. பாதியல்ல, முழுதும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் ஆரம்பித்துவிட்டேன். துறைத் தலைவரிடம் வெறும் வாயோடு போனால், பொட்டு வைத்ததால் இதெல்லாம் நடந்ததா என்று கேட்பார். ஆகவே அதே சந்தனம், அதே மஞ்சள், அதே மீட்டர். இந்த முறை எங்கே வைக்கிறேன் என்று தெரிந்தே வைத்தேன், மறுநாள் துடைத்தேன். நீங்கள் அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன செய்முறைத் தாளைப் பார்த்துப் பிசின் கலந்தேன். மதிய உணவு நேரமும் சனிக்கிழமையும் என்னுடையவைதானே. நீங்கள் ஐந்து மாதத்தில் மீட்டருக்குக் காட்டிய ஒளியை நான் ஐந்து வாரத்தில் காட்டினேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மாதிரி ஊற்றி, இறுக வைத்து, கடினம் பார்த்துக் குறித்தேன். பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்குக் கருவி துடைத்துக் கொடுத்தவன், முதல் முறை எனக்காக ஒரு சோதனை செய்தேன். அதுவும் என் தப்பை நிரூபிக்க.

முதலில் 82. வெகு நாள் 82-லேயே நின்றது. கறை கொஞ்சம் வெளுத்தாலும், பிசினுக்குத்தான் தேவைக்கு மேல் ஒளி கிடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு மேல் அது இறுக இடமில்லை. பிறகு 80, 79. அதற்குப் பிறகு மளமளவென்று இறக்கம்.

உங்கள் கட்டுரையிலிருந்த அறுபது எண்களையும் என் எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஐம்பத்தாறு, ஒன்றிரண்டு முன்பின்னாக என்னோடு சேர்ந்தே வந்தன. நீங்கள் நேர்மையாக அளந்தீர்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடைசி நான்கு மட்டும் என்னை விட்டுவிட்டு மேலே போய் நின்றன. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

அடித்துவிட்ட பழைய எண்கள் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. நான் சொல்லிப் பார்க்கட்டுமா? 74, 72, 71, 71.

இதுதான் நிலைமை, ஒளிக்காமல் சொல்கிறேன். என் கடிதத்தில் உங்கள் நான்கு எண்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆனால் என் சோதனைத் தாளை இணைக்காமல் நம்ப மாட்டார்கள், இணைத்தால் கண் உள்ளவர்கள் நான்கையும் கண்டுபிடித்துவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, நான் மறைத்துப் பார்த்தவன். அனுப்பாவிட்டால் உங்கள் ஐம்பத்தாறு உண்மையும் அந்த நான்கோடு சேர்ந்து பொய்யாகவே கிடக்கும். உங்கள் அனுமதி இல்லாமல் அனுப்ப மாட்டேன். உங்களிடம் கேட்காமல் ஒரு முறை துடைத்தது போதும்.

கழிவு லாரி அக்டோபர் இரண்டாம் தேதி வருகிறது. மீட்டரின் போராங் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. இந்த வருடம் வீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தர்மேந்திரன்


பாரிட் புந்தார்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பழைய ஆய்வுக் குறிப்பேடு ஈப்போ வீட்டில், என் அறை அலமாரியின் அடியில் கிடந்தது. எடுக்கப் போனேன். அப்பா ஏன் திடீரென்று வந்தாய் என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்து, அடித்த நான்கு இடங்களையும் காட்டினேன், உங்களுக்கு அனுப்பத்தான் எடுக்க வந்தேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது உன்ர கையெழுத்தோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழுந்து போய் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் காலை என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, “அந்தத் தம்பிக்கு அனுப்பிவிடு” என்றார்.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அடித்த கோட்டுக்குக் கீழே எண்கள் தெரியும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் அறையில் வேண்டாம்.

74, 72, 71, 70.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் உங்களுக்குத் தவறியது. அந்த 70-ஐப் பாருங்கள், அண்ணே. இன்னொரு ஆய்வுக்கூடம் சொன்ன 70. குழு முன்னால் வந்து என்னைத் தலைகுனிய வைத்த 70. அது சரியான எண். அதற்கு ஒன்றரை மாதம் முன்பே அது என் கைக்கு வந்திருக்கிறது, நான் அடித்துவிட்டு 82 என்று எழுதியிருக்கிறேன். நம் ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் பொய் சொல்வதற்கு முன்பே, நான் அதன்மேல் கோடு போட்டுவிட்டேன்.

அனுப்புங்கள். சோதனைத் தாளையும் இணையுங்கள். துறைத் தலைவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதி இன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். மீட்டருக்குப் பொட்டு வைக்கச் சொன்னது நான் என்பதும் அதில் இருக்கிறது.

போராங்கில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘பழுது’ என்று எழுதாதீர்கள். அந்த மீட்டர் பழுதானதே இல்லை, தன் முகத்துக்கு வந்ததைச் சொன்னது. நடந்ததை எழுதுங்கள். கட்டத்தில் இடம் போதாவிட்டால் என் பக்கத்தை அதன் பின்னால் குத்திவிடுங்கள்.

ரஜிதா